விதையா, குச்சியா, ஒட்டா? கடற்கரை மாடியில் அடினியம் வளர்க்க நினைப்பவர்களுக்கு

என் மதினிக்குச் செடியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர் மணலில் குச்சி நட்டு வேர்பிடிக்க வைத்த மல்லிகைக் கன்றுகள் தமிழ்நாட்டைத் தாண்டியும் போகின்றன. கன்று பிடுங்கிக் கட்டுக் கட்டும் வேலையைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் அவர். போன மாசி மாதம் உச்சிப்புளியில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தார். பாலைவன ரோஜா என்கிற அடினியம் செடி ஒன்றின், ஒன்றரை வயதுச் செடியின், தலையை நான் பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, மல்லிகைக் கம்பை ஒடிச்சு மண்ணுல வச்சா அதே மல்லிகைதான் வருது. இதை மட்டும் எதுக்கு வெட்டி ஒட்டுப் போட்டுச் சிரமப்படுறீங்க?"

கேள்வி நியாயமானது. அடினியம் வாங்க நினைக்கிற எல்லோருக்கும் வர வேண்டிய கேள்வியும்கூட. நமக்கு முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன: கடையில் ஒட்டுச்செடியாகவே வாங்கலாம், விதை போடலாம், குச்சி நடலாம், அல்லது வீட்டிலேயே ஒட்டுக் கட்டலாம், அதாவது வேரோடு நிற்கும் ஒரு செடியின் தண்டில் இன்னொரு செடியின் குச்சியைப் பொருத்தி ஒன்றாக வளரவிடலாம். ஆறு வருடமாக நாலையும் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைக்கு வேர் விதையிலிருந்து வர வேண்டும், பூ ஒட்டிலிருந்து வர வேண்டும். இரண்டையும் சேர்க்கிற வேலையை மாசி, பங்குனியில் செய்ய வேண்டும்.

பாலைவன ரோஜா என்று பெயர் இருந்தாலும் இது ரோஜா இனமே இல்லை. நம் வேலியோர அரளி, வாசல் நித்தியகல்யாணி ஆகியவற்றின் சொந்தக்காரச் செடி. பிறந்த இடம் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் அரேபியாவின் தென்பகுதியும். ஏடன் துறைமுகத்தின் பெயர்தான் அடினியம் ஆயிற்று. நம் வீடுகளில் இருக்கும் இனத்தின் முழுப்பெயர் அடினியம் ஒபேசம். ஒபேசம் என்றால் லத்தீனில் பருத்தது என்று பொருள். என் அண்ணன் ஓமன் நாட்டுச் சலாலாவில் வேலை பார்த்தவர். அங்கே மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் யானைக்கால் மாதிரி அடிப்பருத்து, இலையே இல்லாமல் பூ மட்டும் விட்டு நிற்கும் செடிகளைப் பார்த்திருக்கிறார். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஆள் இல்லடா அங்க" என்பார். அந்தப் பருத்த அடிதான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. நர்சரிக்காரர்கள் அதைக் கிழங்கு என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்தச் செடியை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணமும் அந்தக் கிழங்குதான். நம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊரணியையும், காவிரிக் கூட்டுக் குடிநீரையும், காசு கொடுத்து வாங்கும் குடத்தையும் நம்பி இருக்கிறோம். அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் தினமும் ஊற்ற யாருக்கும் மனசு வராது. அடினியத்துக்கு வெயில் காலத்தில் வாரம் இரண்டு மூன்று முறை போதும், ஒரு வாரம் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. உப்புக்காற்றையும் ஓரளவு தாங்கும். மார்கழியில்கூட நம் கடற்கரையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால் குளிரில் உறங்கிக் கிடக்கிற தொல்லையும் கிடையாது. இங்கே அதற்கு எதிரி இரண்டுதான்: ஐப்பசி, கார்த்திகை மழையும் தேங்கும் தண்ணீரும்.

சரி, மதினி சொன்ன குச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

குச்சி நட்டால் அடினியம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு சாண் கிளையை வெட்டி, நாலைந்து நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காயவிட்டு, மணல் கலவையில் ஊன்றினால் ஒன்று ஒன்றரை மாதத்தில் வேர்விடும். பூவும் தாய்ச்செடியின் பூவேதான். மல்லிகைக்கு இது போதும், ஏனென்றால் மல்லிகையில் நமக்கு வேண்டியது பூ மட்டும். அடினியத்தில் பூ பாதி, கிழங்கு பாதி. குச்சியில் வந்த செடிக்கு அந்த அழகான பானை அடி பெரும்பாலும் அமைவதில்லை. வேர்கள் சும்மா கொத்தாகப் போகும், தண்டு மேலே கம்பு மாதிரி நிற்கும். அழகை விடுங்கள், நம் ஊரில் இது நடைமுறைச் சிக்கலும்கூட. வைகாசியில் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பிவிட்டால் ஆவணி வரை ஓயாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தக் காற்றில் அடிகனம் இல்லாத செடி தொட்டியோடு சாயும். நான் குச்சியில் வளர்த்த ஐந்து செடிகளில் மூன்று, முதல் ஆனி மாதத்திலேயே மாடிச் சுவரில் மோதி ஒடிந்தன.

ஆனால் குச்சிச் செடியை நான் ஒதுக்கிவிடவில்லை. பிடித்த நிறம் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சிச் செடியைச் சுவரோரம் காற்றுப்படாத இடத்தில் வைத்திருக்கிறேன். அவை ஒட்டுக்குக் குச்சி எடுக்கிற தாய்ச்செடிகள். பார்வைக்கு இல்லை, வேலைக்கு.

விதை இதற்கு நேர் எதிர். அடினியத்தின் காய் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து வளரும். முற்றியதும் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வெடித்துவிடும். விதையின் இரண்டு நுனியிலும் பஞ்சுக்குஞ்சம் இருப்பதால் நம் காற்றுக்கு அது பக்கத்து ஊரான மண்டபம் வரை போய்விடும். காய் பழுப்பேறத் தொடங்கியதுமே நூலால் இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். எடுத்த விதையைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும், பழைய விதையில் முளைப்பு விழும். முளைத்த நாலாவது இலையிலேயே அடி உருண்டு வருவதைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளையின் கெண்டைக்கால் போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

விதையின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. தாயின் நிறம் பிள்ளைக்கு வரும் என்று எந்த உறுதியும் இல்லை. அடுக்குப் பூவிலிருந்து எடுத்த விதை ஒற்றைப் பூவாக வரும், மஞ்சளிலிருந்து எடுத்தது இளஞ்சிவப்பாக வரும். நான் முதல்முறை போட்டது நாற்பது விதை. பிழைத்தது முப்பத்தொன்று. ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் பூத்தபோது எல்லாமே இளஞ்சிவப்பின் ஏதோ ஒரு சாயல், வெள்ளை விளிம்பு போட்டது இரண்டு. கறுஞ்சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த முப்பத்தொன்றின் வேரும் கிழங்கும் இன்றுவரை என் மாடியின் அஸ்திவாரம். நம் தண்ணீரிலேயே முளைத்து, நம் வெயிலிலேயே வளர்ந்தவை. தொட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்தாலும் சோர்ந்துபோவதில்லை.

கடையில் ஒட்டுச்செடி வாங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அவசரக்காரர்களுக்கு நல்ல வழியும்கூட. பூவோடு பார்த்து வாங்கினால் நிறத்தில் ஏமாற இடமில்லை, அன்றைக்கே வீடு அழகாகிவிடும். ஆனால் பூவோடு பார்த்து வாங்க வேண்டும் என்பதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். முதல் வருடம், மஞ்சள் அடுக்கு என்று அட்டை தொங்கவிட்ட ஒரு செடியைப் பூ இல்லாமலே வாங்கி வந்தேன். ஏழு மாதம் கழித்துப் பூத்தது: சாதாரண இளஞ்சிவப்பு ஒற்றைப் பூ. உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே ஒட்டிய மஞ்சள் குச்சி எப்போதோ காய்ந்துபோய் ஒரு சின்னக் கட்டையாக நின்றது. நான் ஆசையாக வளர்த்ததெல்லாம் ஒட்டுக்குக் கீழே, வேரைத் தாங்கும் அடிச்செடியில் முளைத்த கிளை. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

ஆகவே வாங்கும்போது ஒட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். தண்டில் ஒரு வடு, சின்ன வீக்கம், அல்லது தோல் நிறம் மாறும் ஒரு கோடு இருக்கும். கிளைகள் அதற்கு மேலிருந்து வந்திருக்க வேண்டும். கிழங்கை விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. கொஞ்சம் அமுங்கினால் தாகமாக இருக்கலாம், குழைவாக அமுங்கினால் அழுகல். பெரும்பாலான செடிகள் தென்னை நார்த்தூளில் வருகின்றன. அது நிழல்வலைக்குள் வைத்து வளர்ப்பவர்களுக்குச் சௌகரியம், நம் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுக்கிவிடும். கழுவாத நார்த்தூளில் உப்பும் இருக்கும், நம் தண்ணீரில் இருக்கும் உப்பு போதாதென்று. வாங்கி இரண்டு வாரத்தில் மண் மாற்றிவிடுங்கள், ஆனால் மழைக்காலத்தில் மட்டும் வாங்க வேண்டாம்.

விலையையும் யோசிக்க வேண்டும். நல்ல அடுக்குப் பூ ஒட்டுச்செடி ஒன்றின் விலையில் இருபது முப்பது விதை வாங்கலாம். ஒரே ஒரு செடி போதும் என்றால் கடைக்குப் போங்கள். ஏழெட்டு நிறம் வேண்டும், மாடி நிறைய வேண்டும் என்றால் வீட்டு ஒட்டுதான்.

அடிச்செடி எது

வீட்டில் ஒட்டுக் கட்டுவதென்று முடிவெடுத்ததும் நம் ஊரில் வரும் அடுத்த கேள்வி, அரளி மேல் ஒட்டலாமா என்பது. வேலியெல்லாம் அரளி. உப்பைத் தாங்கும், ஆடு கடிக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும். ஒரே குடும்பம் என்பதால் அடினியம் குச்சி அரளியில் ஒட்டவும் செய்யும். வேகமாக வளரும், பூவும் தாராளமாக வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. நானும் இரண்டு கட்டினேன். இரண்டும் பிடித்தன.

ஆனாலும் வேண்டாம் என்பேன். அரளியின் தண்டு ஒல்லி. அடினியத்தின் தண்டு சதைப்பற்று. இரண்டும் ஒரே வேகத்தில் பருப்பதில்லை. மேலே தடித்து, கீழே மெலிந்து, ஒட்டு வாயில் நாளாக நாளாகப் பலம் குறையும். என் இரண்டில் ஒன்று இரண்டாம் வருடக் காற்றில் ஒட்டு வாயிலேயே பிளந்துபோனது. அதைவிட முக்கியம், கிழங்கு இல்லை. கிழங்கு இல்லாத அடினியம் தண்ணீர் கேட்கிற செடியாகிவிடுகிறது. நாம் அடினியத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே அங்கே போய்விடுகிறது. தரையில், வேலியோரம், அடுக்குப் பூ அரளி மாதிரி ஒரு புதர் வேண்டும் என்பவர்கள் மட்டும் அரளியில் முயன்று பார்க்கலாம்.

அடிச்செடியாக நான் வைப்பது விதையில் வந்த அடினியம்தான். ஒன்று முதல் ஒன்றரை வயது. ஒட்டுப் போடும் இடத்தில் தண்டு சுண்டுவிரல் பருமன் இருந்தால் வேலை சுலபம். மண் கலவைக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை: உடைத்த செங்கல் துண்டு, சலித்த ஆற்றுமணல், கொஞ்சம் மக்கிய சாணம், கூடவே கரித்துண்டு. கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கிற கரி ஊருக்கு ஊர் கிடைக்கும். பட்டாணி அளவுக்கு உடைத்துப் போட்டால் மண் இறுகாது. கடல்மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் கிளிஞ்சல் தூள் இருக்கும், சுண்ணாம்புத் தன்மை போகாது, இலை வெளிறிப்போகும்.

எந்த ஒட்டு

ஒட்டிலும் வகைகள் இருக்கின்றன. வீட்டில் செய்யக்கூடியவை மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்: தட்டை ஒட்டு, ஆப்பு ஒட்டு, பக்க ஒட்டு. குச்சியில் துளிர்விடும் கண்ணை மட்டும் எடுத்து ஒட்டுவது நாலாவது. அது குச்சி அரிதாகக் கிடைக்கும்போது கைதேர்ந்தவர்கள் செய்வது. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றுதான். தோலுக்கும் உள்மரத்துக்கும் நடுவே பச்சையாக ஒரு மெல்லிய வளையம் இருக்கும். வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது. குச்சியின் வளையமும் அடிச்செடியின் வளையமும் தொட்டுக்கொண்டால் ஒட்டுப் பிடிக்கும், தொடாவிட்டால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பிடிக்காது. இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் வளையம் சுற்றிலும் தானாகப் பொருந்தும். குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள், ஒரு பக்கமாக ஒதுக்கி அந்தப் பக்கத் தோல் ஓரமாவது நேராக வருகிற மாதிரி வையுங்கள்.

தட்டை ஒட்டு பார்க்க எளிது. அடிச்செடியைக் குறுக்காகச் சமமாக வெட்டி, இரண்டு அங்குலக் குச்சியையும் அடியில் சமமாக வெட்டி, மேலே உட்காரவைத்து, தலைக்கு மேலாக நாடாவைப் போட்டு இழுத்துக் கட்டுவது. வடு குறைவாகத் தெரியும். ஒரே செடியில் நாலைந்து கிளைகளுக்கு நாலைந்து நிறம் ஒட்ட நினைப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துச் செடி கட்டிவிடலாம். கடலை விட்டுத் தள்ளி உள்பகுதியில் இருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் தட்டை ஒட்டில் குச்சி வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை, நாடா மட்டும்தான். நம் காற்றில் செடி ஆட, குச்சி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. நகர்ந்தது நமக்குத் தெரியவும் தெரியாது. பத்து நாள் கழித்துக் கறுத்துப்போன குச்சிதான் சொல்லும்.

ஆப்பு ஒட்டில் அடிச்செடியின் தலையை வெட்டிவிட்டு, நடுவே ஆங்கில வி எழுத்து மாதிரி அரை முதல் முக்கால் அங்குல ஆழத்துக்குப் பிளவு எடுக்க வேண்டும். குச்சியின் அடியை இருபுறமும் சீவி ஆப்பாக்கி அந்தப் பிளவுக்குள் இறக்க வேண்டும். தச்சர் ஆப்பு இறக்குகிற மாதிரிதான். குச்சியை இருபுறமும் அடித்தண்டு கவ்விக்கொள்கிறது, காற்று ஆட்டினாலும் நகராது. தொடும் பரப்பும் தட்டை ஒட்டைவிட அதிகம். வடு ஒன்றிரண்டு வருடம் தெரியும், அதற்கு மேல் தோல் மூடிவிடும். பழகுகிற வரை கையில் சிரமம். முதல் ஐந்தாறு குச்சியைச் சும்மா சீவிப் பழகிவிட்டுச் செடியைத் தொடுங்கள். நம் கடற்கரைக்கு என் தேர்வு இதுதான். கடந்த இரண்டு மாசியில் நான் கட்டிய இருபத்திரண்டில் பதினெட்டு பிடித்திருக்கிறது.

பக்க ஒட்டு வேறு தேவைக்கு. வீட்டில் ஏற்கனவே ஐந்தாறு வயதான கொழுத்த செடி இருக்கிறது, தலையை வெட்ட மனசில்லை என்றால், தண்டின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு அதற்குள் குச்சியைச் செருகுவது. பிடிக்காவிட்டாலும் செடிக்கு நஷ்டம் இல்லை, காயம் ஆறிவிடும். ஆனால் குச்சியின் வளையத்தைப் பெரிய தண்டின் வளையத்தோடு பொருத்துவது கண்ணை வருத்துகிற வேலை. ஆப்பு ஒட்டில் கை படிந்தபிறகு இதற்கு வாருங்கள்.

எப்போது

இதில்தான் நான் மிக அதிகமாக இழந்தேன். வெளியூர்க்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பி, மழைக்காலத்தில் எல்லாம் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு ஐப்பசியில் பன்னிரண்டு செடி கட்டினேன். இரண்டு பிழைத்தன. மா, முந்திரி ஒட்டுக்கு ஈரக்காற்று உதவும். அடினியத்தின் சதைப்பற்றுத் தண்டுக்கு அந்த ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். நம் மாவட்டத்தின் வருட மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அந்த இரண்டு மூன்று மாதம் பிளேடைத் தொடாமல் இருப்பது நல்லது.

மாசி, பங்குனிக்கு ஈடு இல்லை. மழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும், வாடை தணிந்திருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது, செடி புதுத்துளிருக்குத் தயாராக இருக்கும். ஒட்டுக் கட்டி மூன்று நாலு மாதத்தில் ஆனி, ஆடியில் முதல் பூ பார்த்துவிடலாம். சித்திரையில் கட்டினால் மேலே போடுகிற பாலிதீன் உறைக்குள் குச்சி வெந்துவிடுகிறது. தவறவிட்டவர்களுக்கு ஆவணிக் கடைசி, புரட்டாசி என்று ஒரு குறுகிய இடைவெளி உண்டு. அதில் கட்டினால் மழை தொடங்குவதற்குள் ஒட்டு ஆறிவிட வேண்டும், கொஞ்சம் பதற்றமான பந்தயம். நான் கைவசம் அதிகக் குச்சி இருந்தால் மட்டும் அப்போது கட்டுவேன்.

கட்டும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே அடிச்செடிக்குத் தண்ணீர் நிறுத்திவிடுங்கள், வெட்டியதும் சாறு அதிகம் வழியாது. புது சவரப் பிளேடு, ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டில் துடைத்தது. குச்சி, நுனியின் பச்சைத் துளிராகவும் வேண்டாம், சாம்பல் பூத்த கிழட்டுத் தண்டாகவும் வேண்டாம், நடுப்பருவம். இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு மூன்று அங்குலம். வெட்டியதைக் காயவிடாமல் உடனே இறக்க வேண்டும். குச்சி நடும்போது வெட்டுவாயைக் காயவிடுகிறோம், ஒட்டுக்கு அது நேர்மாறு. இந்த இடத்தில் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கட்டுவதற்கு விலை உயர்ந்த நாடா தேவையில்லை. பிள்ளைகள் வாங்கித் தின்னும் குழாய் ஐஸின் உறையைக் கழுவி, நீளவாக்கில் கிழித்து, கீழிருந்து மேலாகச் சுற்றினால் தண்ணீர் உள்ளே இறங்காது. அதே உறை ஒன்றைத் தொப்பி மாதிரி குச்சி மேல் கவிழ்த்துக் கீழே கட்டிவிட வேண்டும், குச்சி வாடாமல் இருக்க. பிறகு வெளிச்சமான நிழல். நான் மாடியில் தெற்கு, மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டி, அதன் மறைவில் வைக்கிறேன். நிழல்வலையைவிட ஓலை காற்றை நன்றாகத் தடுக்கிறது, கொதிப்பும் குறைவு.

இரண்டு மூன்று வாரத்தில் குச்சியின் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியும். உடனே தொப்பியைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் நுனியில் ஒரு ஓட்டை, இரண்டு நாள் கழித்துப் பாதி, அப்புறம் முழுதும். இந்த நாட்களில் தண்ணீரை மண்ணில் மட்டும், அதுவும் குறைவாக, முடிந்தால் சேமித்த மழைத் தண்ணீராக ஊற்றுங்கள். ஆறாவது வாரம் கட்டை அவிழ்க்கலாம். மறந்துவிட்டால் தண்டு பருத்து நாடா உள்ளே வெட்டிவிடும்.

சாறு விஷம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புக்கு நஞ்சாகத் தடவியிருக்கிறார்கள். கையுறை போடுங்கள், வெட்டும்போது கண்ணைக் கசக்காதீர்கள், வெட்டிய துண்டுகளை ஆடு மாடு மேய்கிற இடத்தில் எறியாதீர்கள். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடினால் வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

நிறம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வார்த்தை. மூன்றடுக்கு, நாலடுக்குப் பூக்கள் படத்தில் மயக்கும். செடியில் ஒற்றைப் பூவைவிட அதிக நாள் நிற்கவும் செய்யும். ஆனால் மழைத் தண்ணீர் இதழ்களுக்குள் தேங்கி மொட்டாகவே அழுகும். கறுஞ்சிவப்பு சித்திரை வெயிலில் விளிம்பு கருகும். திறந்த மாடி என்றால் ஒற்றை அல்லது இரண்டடுக்கு, வெளிர்நிறம். தாழ்வாரம் இருந்தால் மட்டும் பல அடுக்குக்கு ஆசைப்படுங்கள்.

கள்ளி வகைகளை ஒட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாக உருண்டைத் தலை வைத்த கள்ளி கடைகளில் கிடைக்கிறதே, அதன் தலையில் பச்சையமே இல்லை. அதனால் பச்சையான வேறொரு கள்ளியில் ஒட்டியே தீர வேண்டும், டிராகன் பழக் கொடியின் முக்கோணத் தண்டுதான் வழக்கம். தட்டை ஒட்டுப் பழக நல்ல செடி. ஆனால் ஒட்டு சில வருடங்களுக்கு மேல் நீடிப்பது அரிது. முள்கிரீடம் என்கிற யூஃபோர்பியாவுக்கு ஒட்டே வேண்டாம், குச்சி போதும். மதினி சொன்ன மல்லிகைக் கணக்கு அதற்கு முழுக்கச் சரி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மதினி ஒரு மஞ்சள் ஒட்டுச்செடி கேட்டார். நான் விதையில் வந்த ஆறு மாதக் கன்றுகள் நாலைக் கொடுத்து அனுப்பினேன். வரும் மாசியில் அவை சுண்டுவிரல் பருமன் ஆகியிருக்கும். அண்ணன் ஓலைத்தட்டி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் ஒன்று, ஊதாவில் ஒன்று என்று குச்சி எடுத்துக்கொண்டு நான் பேருந்து ஏற வேண்டும். குச்சியை ஈரத்துணியில் சுற்றாமல் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போக வேண்டும், ஈரத்துணியில் ஒரே நாளில் கொழகொழத்துவிடும்.